ஒரே எதிர்தரப்பு, ஐந்து மனுக்கள்

மதுரை மாவட்ட நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் டைப்பிங் கடை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. தட்டச்சு மெஷினில் ஆரம்பித்தேன். இப்போது இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். ஜாமீன் மனு, ஜீவனாம்சம், பாகப்பிரிவினை என்று எல்லாமே வரும். அடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். ஆனால் வீடு வாங்கி ஏமாந்தவர்களின் நுகர்வோர் மனுவை அடித்தால் மட்டும் அன்றைக்கு ராத்திரி சீக்கிரம் தூக்கம் வருவதில்லை.

போன ஆடி மாதம் ஒரு அண்ணன் வந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு அடுக்குமாடியில் 640 சதுர அடி வீட்டுக்கு 18,40,000 ரூபாய் கட்டியிருக்கிறார். முக்கால்வாசி ஓய்வுக்காலப் பணம், மிச்சம் மனைவியின் நகை. 2021 ஜனவரியில் ஒப்பந்தம், 18 மாதத்தில் சாவி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் என் கடைக்கு வந்த அன்று வரைக்கும் சாவி வரவில்லை. மூன்றாவது மாடிக்குக் கைப்பிடிச் சுவரே எழும்பவில்லை.

ரசீதுகளை அவர் எடுத்து வைத்ததை இன்னும் மறக்க முடியவில்லை. பழைய தோல்பை, வேலையில் இருந்தபோது தோளில் மாட்டியிருந்த அதே பை. அதற்குள் 23 ரசீதுகள், தேதி வாரியாக, டிக்கெட் கட்டு மாதிரி ரப்பர் பேண்டு போட்டு. ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் தொகை, அதுவரை கட்டிய மொத்தம், அன்றைக்கு யார் கையில் கொடுத்தார் என்ற குறிப்பு. "தாயி, முப்பது வருசம் ஒரு ரூபா கணக்கு இடிக்காம பாத்தவன் நான்"னு சொல்லிவிட்டு, அந்தக் கட்டை என் கீபோர்டுக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்தார்.

ஒப்பந்தத்தை அடிக்கும்போது ஒரு ஷரத்தில் கை நின்றுவிட்டது. வாங்குபவர் தவணைக்குத் தாமதித்தால் வருடத்துக்கு 18 சதவீத வட்டி. வீட்டைக் கட்டித் தருபவர் தாமதித்தால் சதுர அடிக்கு மாதம் 3 ரூபாய். கணக்குப் போட்டேன். அண்ணனுக்கு மாதம் 1,920 ரூபாய் வரும். வில்லாபுரத்தில் அவர் கொடுக்கிற வாடகை 7,500. இப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்த ஒப்பந்தம் முறையற்ற வணிக நடைமுறை என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அதிலும் வாங்குபவருக்கு 18 சதவீதம்தான், கட்டித் தருபவருக்கு 9. ரியல் எஸ்டேட் சட்டமோ இன்னும் நேராகவே சொல்கிறது. இரண்டு தரப்புக்கும் வட்டி ஒரே விகிதம்தான் இருக்க வேண்டும். சட்டம் 2016-இல் வந்தது. ஒப்பந்தம் 2021-இல் எழுதியது. அச்சடித்த பழைய படிவத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

வீடு கட்டித் தருவதும் சேவைதான், அதில் குறை இருந்தால் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்பது 1993-லேயே முடிவான விஷயம். லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கு. என் கடையில் அடிக்கிற மனுக்களில் பாதிக்கு அந்தப் பெயர் வரும், கண்ணை மூடிக்கொண்டே அடித்துவிடுவேன். செலவும் பெரிதில்லை. கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது, 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 400 ரூபாய். வக்கீல் வைக்காமல் தானே வாதாடலாம், தான் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம். இந்தக் கடைசி வசதி 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கொடுத்தது. ரொம்பப் பேருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது.

சரி, நான் சொல்ல வந்தது வேறு.

எதிர்தரப்பின் பெயரையும் விலாசத்தையும் அடிக்கும்போது விரல் தானாக ஓடியது. இந்த விலாசத்தை முன்னாலேயே அடித்திருக்கிறேன். டிராயரில் கணக்கு நோட்டு இருக்கிறது. தேதி, பக்கம், வக்கீல், மனுதாரர், எதிர்தரப்பு எல்லாம் அதில் எழுதி வைப்பேன். புரட்டினேன். மூன்று வருடத்தில் ஐந்து பேர், அண்ணனையும் சேர்த்து. ஒருவருக்கு லிஃப்ட் வைக்கவில்லை, ஒருவருக்குக் கார் நிறுத்துமிடத்தை இன்னொருவருக்கும் விற்றிருக்கிறார்கள், ஒருவருக்குச் சுவரில் விரிசல், ஒருவருக்கு அண்ணனைப் போலவே சாவி வரவில்லை. ஐந்து வக்கீல், ஐந்து நம்பர், ஐந்து வாய்தா. ஒருவருக்கு இன்னொருவர் இருப்பதே தெரியாது. எதிர்ப்பக்கம் மட்டும் ஒரே ஆள், ஒரே வக்கீல், ஒரே பதிலுரை. அதுவும் என் பக்கத்துக் கடையில் அடித்ததுதான்.

அக்கா மகன் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிறான். அவனிடம் இதைச் சொன்னபோது, அங்கே அட்டர்னி ஜெனரல் என்று ஒருவரை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றான். 43 மாநிலங்களில் அப்படித்தானாம். வீட்டுக்காரரோ கடைக்காரரோ பலரை ஒரே மாதிரி ஏமாற்றினால், மக்கள் சார்பில் அவரே வழக்குப் போடலாம். அந்த மாநிலத்தில் வாடகை அட்வான்ஸ் ஒரு மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது, காலி செய்த 30 நாளில் திருப்ப வேண்டும். நம் ஊரிலும் அரசு தலைமை வழக்கறிஞர் இருக்கிறார். ஆனால் அவர் அரசுக்காக ஆஜராகிறவர்.

அவன் சொன்ன இன்னொன்று எனக்குத் தைத்தது. வீட்டுக்கடன் கட்டாதவர்களின் வீடுகளைப் பறிக்க, அங்கே பெரிய வங்கிகளில் ஆட்களை உட்கார வைத்துப் பிரமாண வாக்குமூலங்களைப் படிக்காமலே கட்டுக் கட்டாகக் கையெழுத்துப் போட வைத்திருக்கிறார்கள். அது வெளியே வந்து, 49 மாநில அட்டர்னி ஜெனரல்களும் மத்திய அரசும் சேர்ந்து நின்று, 2012-இல் ஐந்து வங்கிகளை 2,500 கோடி டாலர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். என் கடையில் யாரும் வாக்குமூலத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட நான் விட்டதில்லை. படிக்கத் தெரியாதவர்களுக்கு நானே வாசித்துக் காட்டுவேன். அதனால்தானோ என்னவோ, அந்தச் செய்தி எனக்கு நெருக்கமாகப் பட்டது.

நம் 2019-ஆம் வருட நுகர்வோர் சட்டத்திலும் அப்படி ஒரு வாசல் இருக்கிறது. 2020-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமைத்தார்கள். ஒருவருக்கு மட்டும் இல்லாமல், ஒரு கூட்டத்துக்கே பாதிப்பு என்றால், அது தானே விசாரிக்கலாம். அதே சட்டத்தின் 16-ஆவது பிரிவு மாவட்ட ஆட்சியருக்கும் விசாரித்து அறிக்கை அனுப்பும் அதிகாரம் கொடுக்கிறது. இத்தனை வருடத்தில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு மனுகூட என் கடையில் அடித்ததில்லை. அப்புறம், ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் வழக்கை விசாரிக்கிற நுகர்வோர் மன்றத்தின் அனுமதி வாங்கி ஒரே புகாராகவும் போடலாம். அதையும் யாரும் செய்வதில்லை. தன் வழக்கு தனக்குப் பெரிது, பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று யார் கேட்கப் போகிறார்கள்?

ஒருவர் வழக்கை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். அதை நான் மீறவில்லை. ஐந்து வக்கீல்களையும் தனித்தனியாகப் பார்த்து, உங்கள் கட்சிக்காரருக்குச் சம்மதமா என்று கேட்டேன். ஒரு வக்கீலுக்குப் பிடிக்கவில்லை, உனக்கு எதற்கம்மா இந்த வேலை என்றார். அவர் கட்சிக்காரர் வெளியே பேசி முடித்துக்கொண்டாராம், அதைக் குறை சொல்ல முடியாது, பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். மற்ற நான்கு பேரும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் கடைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். ஒரே விளம்பர நோட்டீசை நான்கு பேரும் பையிலிருந்து எடுத்தார்கள். அதில் போட்டிருந்த நீச்சல் குளம் நான்கு பேருக்குமே கிடைக்கவில்லை. அந்த அண்ணன் நான்கு நோட்டீசையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "அப்ப நான் மட்டும் ஏமாந்த ஆளு இல்லையா தாயி" என்றார். இத்தனை நாளும் மனைவியிடம் அதைச் சொல்லித்தான் அவர் தலைகுனிந்திருக்கிறார்.

வழக்குகள் தனித்தனியாகவே நடக்கின்றன, தொடங்கியதைக் கலைக்க வேண்டாம் என்று வக்கீல்கள் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஆட்சியருக்கு நான்கு பேரும் சேர்ந்து ஒரு மனு எழுதினோம். 16-ஆவது பிரிவைத் தடித்த எழுத்தில் போட்டேன். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எனக்கு அன்றைக்குக் கடையை விட்டு வர முடியவில்லை. மனு வாங்கியதற்குக் கொடுத்த ரசீதை அண்ணன் கொண்டுவந்து காட்டினார். பின்பக்கம் பென்சிலில் தேதி எழுதியிருந்தது.

போன வாரம் ஒரு இளம் வக்கீல் புது மனு ஒன்றைக் கொண்டுவந்தார். எதிர்தரப்பு அதே பெயர், அதே விலாசம். அடிக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, டிராயரிலிருந்து நோட்டை எடுத்தேன்.