கோதுமை ஆகாத வயித்தோட சேலமும் ஏற்காடும்

எனக்கு சீலியாக் இருக்கு. கோதுமை, பார்லி ரெண்டும் தொடக்கூடாது. "ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடப் போகுது"ன்னு கேக்குற சொந்தக்காரங்களுக்கு ஒரே பதில்தான், கோதுமை, பார்லில இருக்கிற குளூட்டன்ங்கிற புரதம் கொஞ்சூண்டு உள்ள போனாலே என் உடம்பு என் சிறுகுடலையே அடிக்க ஆரம்பிச்சிடும், இதுக்கு மாத்திரையெல்லாம் இல்ல, ஒதுக்கி வைக்கிறது மட்டும்தான் வைத்தியம்.

வெளியூர் போனா எனக்கு ரொம்ப தோதான ஊரு சேலம்தான். ஆத்தூர் பக்கம் போனா ரோட்டோரம் பூரா குச்சிக்கிழங்கு, அதான் மரவள்ளி, அதுல இருந்து வர்ற ஜவ்வரிசிக்கு 2023ல புவிசார் குறியீடே குடுத்தாச்சு. ஜவ்வரிசில குளூட்டன் சுத்தமா கிடையாது. ஆனா பாயசத்துல மட்டும் உஷார், ஜவ்வரிசியோட சேமியாவும் சேத்துப் போடுவாங்க, சேமியான்னா கோதுமைதான்.

கடைல போயி "கோதுமை இருக்கா"ன்னு கேக்கவே கேக்காதீங்க. "இல்லைங்க, மைதாதான்", "இல்லைங்க, ரவைதான்"னு சிரிச்ச முகமா சொல்லுவாங்க, ரெண்டுமே கோதுமைல இருந்து வர்றதுதான், ஆனா அவங்க சொல்றது பொய் இல்ல, அவங்களுக்கு கோதுமைன்னா சப்பாத்தி மாவு, அவ்ளோதான். "இதுல என்னென்ன மாவுங்க போடுறீங்க"ன்னு அடுப்புகிட்ட நிக்கிறவங்ககிட்டயே கேட்டா உண்மை வந்துடும்.

தட்டுவடை செட்டுக்கு அப்படித்தான் கேட்டேன். தள்ளுவண்டில அண்ணன் ஒரு தட்டுவடைய வச்சு, காரச்சட்னி தடவி, துருவின பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் அள்ளி வச்சு, பச்சை சட்னி தடவின இன்னொன்ன மேல மூடி ஒரு அமுக்கு அமுக்குவாரு பாருங்க, அந்த நொறுங்குற சத்தத்துக்கே வாய் ஊறும். "நான் செய்யறதில்லீங்க, வாங்கி விக்கிறேன்"னாரு, நான் முழிக்கிறத பாத்துட்டு அவரே போன போட்டு ஸ்பீக்கர்ல வச்சுட்டாரு. "அக்கா, தட்டுவடைக்கு மைதா கலப்பீங்களா?" "அரிசி மாவு, உளுந்து மாவு, பொட்டுக்கடலை, யாரு கேக்குறது?" நான் உள்ள பூந்து பெருங்காயம் கேட்டேன். "எங்க கண்ணு, விக்கிற வெலைக்கு பெருங்காயமா!" அப்புறம் என்ன, ரெண்டு செட் உள்ள போச்சு.

பெருங்காயம் ஏன் கேட்டேன்னா, டப்பால வர்ற கூட்டுப் பெருங்காயம் நிறையத்துல கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், பின்னாடி பொடி எழுத்துல போட்டிருப்பாங்க. அதனால ஹோட்டல் சாம்பாரும் ரசமும் எனக்கு கட். இட்லி, தேங்கா சட்னி, அதுவும் தாளிக்காம. தோசை கேக்க மாட்டேன், அதே கல்லுலதான் சப்பாத்தியும் போட்டிருப்பாங்க. ரவா தோசை பத்தி பேச்சே வேணாம்.

ஏற்காடு கொஞ்சம் கஷ்டம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குனா பசி கொல்லும், குளுருக்கு ஏரிப் பக்கம் மிளகாய் பஜ்ஜி வாசனை வேற. பஜ்ஜி கடலை மாவுதானேன்னு தோணும், ஆனா அதே எண்ணெய்லதான் சமோசாவும் வேகுது. ஃபிரைடு ரைஸ்ல சோயா சாஸ், அதுலயும் பெரும்பாலும் கோதுமை. அதனால வேகவச்ச சோளம், வேர்க்கடலை, கொய்யா, பட்டர் ஃப்ரூட்டுன்னு ஓட்டிடுவேன், எஸ்டேட் காப்பி எத்தன டம்ளர் வேணாலும் பயமில்லாம குடிக்கலாம், மால்ட் கலந்த பாக்கெட் பானம் மட்டும் வேணாம், அது பார்லி.

ராத்திரி சாப்பாட்டுக்கு மலை மேல எதையும் நம்பாதீங்க. சீக்கிரமே கடையெல்லாம் சாத்திடுவாங்க, தொறந்திருக்கிற ஒண்ணு ரெண்டுலயும் பரோட்டாதான் இருக்கும். ரூம் எடுக்கும்போதே கெட்டில் இருக்கான்னு கேட்டுக்கங்க. சேலத்துலயே அவலும் வெல்லமும் வாங்கி பையில போட்டுட்டு போயிடுவேன், சுடுதண்ணி ஊத்தி ஊறவச்சா போதும். மாம்பழ சீசன்னா கூட ரெண்டு மல்கோவா.