கிறுகி வருதல்

மட்டக்களப்பில் வழி சொல்பவர்கள் ‘திரும்பு’ என்பதைவிட ‘கிறுகு’ என்றே அதிகம் சொல்வார்கள். நான் ஜெர்மனிக்கு வந்து பல ஆண்டுகளான பின்பும் அம்மா தொலைபேசியில் அந்தச் சொல்லை வைத்துத்தான் கேட்பார்: “கோயில் பக்கம் கிறுகினியா மனே?” போனேன் என்று பொய் சொல்வேன்.

தாண்டவன்வெளிக் கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்கு உதவி செய்த பையன் நான். செப்டெம்பரில் ஆயித்தியமலை சதா சகாய மாதா திருவிழாவுக்கு ஊராரோடு நடந்து போய், கால் கொப்புளித்து வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் கோயிலை விட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. எசன் நகரில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை. சனி இரவு ஒரு மணிக்குக் கழுவித் துடைத்து முடித்தால், அதன் பிறகு விடியும்வரை காசு வைத்துச் சீட்டாட்டம், கூடவே குடி. ஞாயிறு எனக்கு மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் விடிந்தது. ஆகஸ்டில் தமிழர்கள் திரளும் கெவலார் மாதா திருத்தல யாத்திரைக்கு மட்டும் தவறாமல் போவேன். சைவர்களும் மாதாவிடம் நேர்த்தி வைத்து வருகிற அந்த இடத்தில், 1642 முதல் வைத்து வணங்கப்படும் கையடக்கமான படத்தின் முன் அவர்கள் கண் கலங்கி நிற்க, ஞானஸ்நானம் பெற்ற நான் வெளியே ரோல்ஸ் தின்றுகொண்டு ஊர்ப் புதினம் பேசிக்கொண்டிருப்பேன்.

இங்கே கத்தோலிக்கராகப் பதிந்தவரின் சம்பளத்திலிருந்து திருச்சபை வரியும் கழிக்கப்படும்; எங்கள் மாநிலத்தில் அது வருமான வரியில் 9 சதவீதம். போகாத கோயிலுக்கு ஏன் காசு என்று சீட்டுக் கூட்டாளி ஒருவர் கேட்டது எனக்கு நியாயமாகப்பட்டது. 2013இல் ஒரு காலை நீதிமன்ற அலுவலகத்துக்குப் போய், 30 யூரோ கட்டி, திருச்சபையிலிருந்து விலகுவதாகக் கையெழுத்திட்டேன். ஏன் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. தொலைபேசி இணைப்பை நிறுத்துவதற்குக்கூட இதைவிட அதிகம் பேச வேண்டியிருக்கும். சில வாரங்களில் பங்கிலிருந்து வந்த கடிதத்தைப் பிரிக்காமலே மேசை லாச்சிக்குள் போட்டேன். மிச்சம் பிடித்த காசு எங்கே போனது என்று என்னைக் கேட்க வேண்டாம்.

தங்கைக்குப் பிள்ளை பிறந்தபோது, ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நிற்க என்னைத்தான் கேட்டாள். ஊர்ப் பங்குத்தந்தை என் பங்கிலிருந்து ஒரு கடிதம் கேட்டிருந்தார். அப்போதுதான் லாச்சியைத் திறந்து அந்தப் பழைய கடிதத்தை வாசித்தேன். விலகியவர் பாவசங்கீர்த்தனமோ நற்கருணையோ பெற முடியாது, ஞானப் பெற்றோராக நிற்கவும் முடியாது என்று, ஜெர்மன் ஆயர்கள் 2012இல் வெளியிட்ட ஆணையின்படி, மரியாதையான மொழியில் எழுதியிருந்தது. லீவு கிடைக்கவில்லை என்று தங்கைக்குச் சொன்னேன். சொல்லி முடித்தபின் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றதால், கண்ணைத் துடைத்ததற்கு யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

போவதற்குப் பத்து நிமிடம் பிடித்தது. வருவதற்குப் பல வாரங்கள் ஆயின. குருவானவரோடு பேச வேண்டும், ஆயரின் அனுமதி வர வேண்டும், பிறகு இரண்டு சாட்சிகளின் முன் விசுவாசப் பிரமாணம் என்ற செபத்தைச் சொல்ல வேண்டும். சீட்டை ஏற்கெனவே விட்டிருந்தேன். குடியை விடுவதுதான் கடினமாக இருந்தது, இன்னும் முழுதாக வென்றேன் என்று எழுத மாட்டேன். சிறிய அறை ஒன்றில், என் மனைவியும் கோயில் பராமரிப்பாளரான ஒரு முதிய ஜெர்மன் பெண்மணியும் சாட்சிகளாக நிற்க, தமிழிலேயே சொல்லத் தொடங்கினேன். போஞ்சியு பிலாத்துவின் பெயர் வரை தடங்கலில்லை. அங்கே அடுத்த சொல் மறந்துபோயிற்று. மனைவி வாயசைத்துக் காட்டினாள். மொழி தெரியாத அந்தப் பெண்மணி, எனக்குத் தொண்டை அடைத்துவிட்டதாக நினைத்துத் தண்ணீர் ஊற்றித் தந்தார்.

அடுத்த சம்பளச் சீட்டுகளில் அந்த வரி மீண்டும் இடம்பிடித்துக்கொண்டது. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பழைய பொய்களையும் சேர்த்து. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “மறுகா என்ன மனே, ஞாயித்துக்கிழமை நேரத்தோட எழும்பு” என்றார்.

மருமகனுக்கு வேறொருவர் ஞானத்தகப்பனாகிவிட்டார். இப்போது கேட்டால் பங்கிலிருந்து எனக்குக் கடிதம் தருவார்கள்.