பெரியவளின் எக்ஸ்ரேக்காக ஈப்போவுக்கு மூன்று நடை

சின்னவளின் பல் வேர் மேற்கொண்டு கரையவில்லை என்று நேற்று எடுத்த படத்தில் தெரிந்துவிட்டது. மனம் லேசானது. ஆனால் அந்த ஈப்போ பல் கிளினிக் முகப்பில் இருந்தவர்கள் மீதுள்ள எரிச்சல் மட்டும் இன்னும் ஆறவில்லை.

எட்டு ஆண்டுகளுக்கு முன் பெரியவளுக்கு அங்கேதான் பல் கம்பி போட்டோம். கழற்றியபோது, மேல் வரிசை முன்பற்களின் வேர் கரைந்து குட்டையாகிவிட்டது என்றார்கள். வலியில்லை, பல்லும் ஆடவில்லை, நாங்களும் மறந்துவிட்டோம்.

சென்ற ஆண்டு சின்னவளை இங்கே சுங்கை சிப்புட்டிலேயே ஒரு மருத்துவரிடம் காட்டினோம். பாரத்தில் ஆஸ்துமா உண்டா, மருந்து ஒவ்வாமை உண்டா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். உடன்பிறந்தவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எழுந்து கிளம்பும்போது என் மனைவிதான், "இவளுடைய அக்காவுக்கு வேர் கரைந்துபோனது, டாக்டர்" என்றாள். மருத்துவர் எங்களை மறுபடியும் உட்காரச் சொன்னார். "அந்தப் படங்களைக் கொண்டு வாருங்கள். அதுவரை கம்பி வேண்டாம்."

ஈப்போ கிளினிக்கைத் தொலைபேசியில் கேட்டால் "நேரில் வாருங்கள்" என்றார்கள். செம்பனை ஆலையில் அரை நாள் விடுப்பெடுத்துப் போனேன். "அண்ணே, உங்கள் மகளுக்கு 18 வயது தாண்டிவிட்டது. அவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும்." இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். பெரியவள் ஜொகூரில் வேலை செய்கிறாள். கடிதமும் அடையாள அட்டை நகலும் வந்துசேர ஒரு வாரம். இரண்டாவது நடையில் குறுந்தட்டு ஒன்றைத் தந்தார்கள். இங்கே கொண்டுவந்து திறந்தால், கம்பி போடுவதற்கு முன் எடுத்த படம் மட்டும்! மூன்றாவது முறை, "கம்பி கழற்றிய பிறகு எடுத்ததை இங்கேயே திறந்து காட்டுங்கள், பார்த்துவிட்டுத்தான் போவேன்" என்று நின்றேன். முகப்பில் இருந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே காட்டினார். அன்றைக்கு எனக்குத்தான் வெற்றி.

இரண்டு படங்களையும் மருத்துவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதல் படத்தில் வேரின் நுனி முள்ளங்கி வால்போல மெலிந்து இறங்கியது. இரண்டாவதில் அந்த வாலைக் கத்தியால் நறுக்கியதுபோல மொட்டையாக நின்றது. கம்பியின் அழுத்தத்தில் எலும்பு கரைந்து வழிவிடுவதால்தான் பல் நகர்கிறதாம். சிலருக்கு அதோடு வேரும் கரைகிறது. மேல் முன்பற்களில்தான் இது அதிகம்.

மரபணுச் சோதனை செய்யலாமா என்று கேட்டேன். இன்டர்லூகின்-1 பீட்டா என்ற, உடலில் அழற்சியைத் தூண்டும் புரதத்துக்கான மரபணுவின் ஒரு வகை இருப்பவர்களுக்கு வேர் கரையும் வாய்ப்பு அதிகம் என்று 2003இல் அமெரிக்கக் குடும்பங்களிடம் நடந்த ஓர் ஆய்வு சொன்னது. பின்னர் வந்த ஆய்வுகளோ ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்றார். "அதற்குக் காசைக் கொட்டாதீர்கள். அக்காவின் படத்தைவிட நல்ல சோதனை இப்போதைக்கு இல்லை." உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டு, இந்தக் கரைவில் பரம்பரையின் பங்கு பெரிது என்று 1997இலேயே எழுதியிருக்கிறார்களாம். அப்படியானால் அந்தப் பாரத்தில் ஒரு வரி சேர்ப்பதற்கு என்ன கேடு?

படங்களைப் பார்த்த பிறகு இந்த மருத்துவர் சின்னவளுக்குக் கம்பி போட்டது, மாதாமாதம் இறுக்கியது எதிலும் சிக்கலில்லை. மெல்லிய விசைதான் கொடுத்தார். கம்பி போடப் போகிறவர்கள் ஆறாம் மாதத்தில் ஒரு படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்; முடியும்வரை காத்திருக்க வேண்டாம். சின்னவளுக்கு அந்தப் படத்தில்தான் ஒரு பல்லின் நுனி மழுங்கத் தொடங்கியது தெரிந்தது. உடனே மூன்று மாதம் இறுக்காமல் விட்டுவிட்டார். போன வேர் திரும்ப வளராது. ஆனால் விசையை நிறுத்தினால் கரைவதும் பெரும்பாலும் நின்றுவிடும். நேற்றைய படம் அதைத்தான் காட்டியது.

கடைக்குட்டிக்கு வயது 9. மேல் பல் இப்போதே முன்னால் துருத்துகிறது. அக்காமார் இருவரின் குறுந்தட்டுகளையும் பிறப்புப் பத்திரங்களோடு மைலோ டின்னில் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.