அப்பாவுக்காக இகத்புரியில் பத்து நாள்

"முட்டி ஒத்துழைச்சா அடுத்த வருஷம் இகத்புரி" என்று சொல்லிச் சொல்லியே அப்பா ஆறு வருஷத்தை ஓட்டினார். சென்னையில் ஒரு தடவை விபாசனா தியான முகாமில் பத்து நாள் உட்கார்ந்து எழுந்தவர். மகாராஷ்டிராவில், இகத்புரியில் இருக்கும் தம்மகிரி தியான மையத்திலும் ஒரு தடவை உட்கார்ந்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. முட்டி கடைசிவரை ஒத்துழைக்கவே இல்லை. முதல் திவசம் முடிந்த கையோடு, ஜூலையில் நான் கிளம்பினேன்.

கல்யாணில் ஏறினால் என் சீட்டில் மூன்று பேர். எழுப்பப் போனால் முறைக்கிறார்கள். இகத்புரி ஸ்டேஷனில் "விபாசனா? விபாசனா?" என்று பையையே பிடித்து இழுக்கும் ஆட்டோக்காரர்கள். நடந்தே போய்விடக்கூடிய தூரத்துக்கு அதில் ஒருவர் கேட்ட தொகை அநியாயம். மௌனத்துக்குள் போகிற அன்றைக்கா சண்டை என்று கொடுத்துத் தொலைத்தேன்.

பர்மா பாணி வாசலைத் தாண்டியதும், மழைக்குப் பின்னால் மங்கலாகப் பகோடா, பொன்னிறமான பௌத்தக் கோபுரம். கை தானாகக் குவிந்தது.

இந்த இடத்தின் கதையை அப்பா சொந்த ஊர்க் கதை மாதிரி சொல்வார். பர்மாவின் மாண்டலேயில் பிறந்த வியாபாரி கோயங்காஜி, தீராத ஒற்றைத் தலைவலியோடு 1955-இல் ரங்கூனில் விபாசனா ஆசான் சயாஜி ஊ பா கின்னிடம் போய்ச் சேர்ந்தார். சயாஜி துறவி இல்லை, பர்மா அரசின் அக்கவுண்டன்ட் ஜெனரல். புத்தர் தந்ததை இந்தியாவுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும், அது பர்மா பட்ட கடன் என்பார். ஆனால் அவரால் வர முடியவில்லை. 1969-இல், தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று கோயங்காஜி இந்தியா கிளம்பியபோது, அந்தக் கடனை அவர் கையில் கொடுத்தனுப்பினார். ஜூலையில் மும்பையில் நடந்த முதல் முகாமில் பதினான்கே பேர், அதில் இரண்டு பேர் கோயங்காஜியின் பெற்றோர். 1971-இல் சயாஜி போய்விட்டார். தம்மகிரியில் முகாம் தொடங்கியது 1976-இல்தான். இந்த இடத்தில் அப்பா எப்போதும் கொஞ்சம் நிறுத்துவார்.

முதல் மூன்று நாள் மூச்சைக் கவனிப்பது. நாலாம் நாள் விபாசனா, உடம்பில் எழும் உணர்ச்சிகளைக் கவனிப்பது. அதற்கப்புறம் அதிட்டானம், ஒரு மணி நேரம் அசையக் கூடாது.

ஆறாம் நாள் மதியம். வெளியே மழை கொட்டுகிறது, ஹாலில் ஒரு இருமல்கூட இல்லை. வலது முட்டியில் ஆணி அடித்தது போல ஒரு வலி. காலை நீட்டிவிடலாம் என்று கை முழங்காலுக்கு வந்துவிட்டது. அப்போது அப்பா மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் நின்று, கைப்பிடியைப் பிடித்து, "இருடி, வரேன்" என்பாரே, அது நினைவுக்கு வந்தது. இதே முட்டி. இத்தனை வருஷம். கையை எடுத்துவிட்டேன். வலி போகவில்லை, ஆனால் கட்டியாக நின்றது பொடிப்பொடியாகித் துடிக்க ஆரம்பித்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒலிப்பதிவில் கோயங்காஜியின் குரலில் "பவது சப்ப மங்களம்", எல்லோருக்கும் மங்களம் உண்டாகட்டும் என்று கேட்டபோதுதான் கன்னம் நனைந்திருப்பது தெரிந்தது. பதிலுக்கு நன்று என்ற பொருளில் சாது, சாது, சாது என்று சொல்லக் குரல் எழும்பவில்லை. யாருக்கென்று நன்றி சொல்வது? சயாஜிக்கா, கோயங்காஜிக்கா, காலை நாலு மணிக்கு மணியடித்த, முகம் தெரியாத அந்தச் சேவகருக்கா?

மற்ற நாட்களை எழுதத் தெரியவில்லை.

பதினோராம் நாள் காலை, ஒப்படைத்திருந்த போனைத் திரும்ப வாங்கியதும் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"முட்டி வலிக்குதும்மா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நல்லா உட்கார்ந்திருக்கே" என்றாள்.