நகரத்துத் தோப்பில் மண் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது: வளையமும் சருகுப் பையும்

2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னையில் சாய்ந்த மரங்கள் பலவற்றின் வேர் தட்டையாகப் பரந்திருந்தது, கீழே இறங்கவில்லை. காற்றை மட்டும் குறை சொன்னால் போதாது. இடிபாடு கொட்டி, வண்டி ஏறி இறுகிய மண்ணில் வேர் எப்படி இறங்கும்? ஆகவே குடியிருப்பை ஒட்டிய தோப்பில் கன்று நடும் முன் மண்ணைச் சோதித்த விவரம் இது.

முதல் வாரம், தண்ணீர் மண்ணில் இறங்கும் வேகத்தை அளக்க வளையம். 6 அங்குலக் குழாயில் 13 செ.மீ. துண்டு. பி.வி.சி. செங்கல் ஜல்லியில் பட்டு உடைந்தது, இரும்புதான் தாங்கியது. மேலே பலகை வைத்துச் சுத்தியலால் 8 செ.மீ. இறக்கி, உள்விளிம்பு மண்ணை விரலால் அழுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் பக்கவாட்டில் ஓடிவிடும். உள்ளே பிளாஸ்டிக் தாள் விரித்து 450 மி.லி. ஊற்றி, தாளை மெல்ல உருவ வேண்டும். அது 2.5 செ.மீ. மழைக்குச் சமம். நேரடியாக ஊற்றினால் மேல்மண் கலங்கித் துளைகளை அடைத்துவிடும். முதல் ஊற்று மண்ணை நனைக்கத்தான், இரண்டாவதன் நேரமே கணக்கு. புங்கமரத்தடிச் சருகுக்குக் கீழே சில நிமிடங்களில் இறங்கியது. ஆள் நடக்கும் தடத்திலோ ஒரு மணி நேரம் கழித்தும் தேங்கி நின்றது. கரையான் வழி குறுக்கிட்டால் பொய்யான வேகம் காட்டும், அதனால் மூன்று இடத்தில் வைத்து நடு அளவை எடுத்துக்கொள்வது நல்லது.

அதே மண்ணில் வினிகர் விட்டதும் நுரைத்தது. சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்திருக்கிறது. இப்படிப்பட்ட மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காது. தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். எரு போட்டு இதை மாற்றிவிட முடியாது, கப்பியைக் கையால் பொறுக்கி எடுக்கத்தான் வேண்டும்.

மூன்றாம் வாரம், இலை எவ்வளவு வேகமாக மக்குகிறது என்று பார்க்கச் சருகுப் பை. 20 செ.மீ. சதுர நைலான் வலையில் காய்ந்த இலை 10 கிராம். ஒரு தொகுதி கொசுவலையில், இன்னொன்று 5 மி.மீ. கண் வலையில். இரண்டின் எடைக் குறைவுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் பெரும்பாலும் மண்புழு, மரவட்டை, கரையான் செய்த வேலை. 30, 60, 90 நாளில் எடுத்து, மண்ணை மெல்லக் கழுவி, காயவைத்து நிறுக்க வேண்டும். கழுவாமல் நிறுத்த பையில் எடை கூடியிருந்தது! புங்க இலை சீக்கிரம் மக்கியது, தடித்த ஆலிலை அசையவில்லை. சில பைகள் குப்பையோடு கூட்டி அள்ளப்பட்டுவிட்டன. இப்போது சிவப்புக் கயிறு கட்டி ஆணி அடித்தாயிற்று.

இறுகிய இடத்துக்கு: ஏற்கெனவே நிற்கும் மரத்தின் தண்டிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி, 60 செ.மீ.க்கு ஒன்றாக, கடப்பாரையால் 30 செ.மீ. ஆழக் குழி போட்டு மக்கிய எரு நிரப்ப வேண்டும். ஈரக் களிமண்ணில் குத்தக் கூடாது, குழிச்சுவர் மெழுகிவிட்டதுபோல் ஆகித் தண்ணீரைத் தடுக்கும். மேலே சருகு 7 செ.மீ., தண்டை ஒட்டி 15 செ.மீ. இடம் விட்டு. கூட்டி எரிக்கும் சருகே இதற்குப் போதும், அதை எரிக்காதீர்கள். அடுத்த வளையச் சோதனை வடகிழக்குப் பருவமழை முடிந்த பின், அதே இடங்களில்.