மகனின் குறட்டையும் மாதந்தோறும் வந்த சளியும்

நான்கு வயது மகன் குறட்டை விடுவதை எங்கள் வீட்டில் வெகுநாள் வரை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாகவே எண்ணியிருந்தோம். மாதம் தவறாமல் வந்த சளிக்குத் தண்டையார்பேட்டையின் புழுதியையும் எண்ணூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரிகளையும் காரணம் சொல்லிக்கொண்டு, மூச்சிறைத்தால் நெபுலைசர், இருமினால் சிரப் என்று இரண்டு மழைக்காலங்களைக் கடத்திவிட்டோம்.

ஒரு நவம்பர் இரவில், காய்ச்சலோடு தூங்கியவனின் குறட்டை சட்டென்று நின்றது. நெஞ்சு ஏறி இறங்கியது, ஆனால் மூக்கில் காற்று வரவில்லை. சில நொடிகள் கழித்துத் திணறி மூச்சை இழுத்துப் புரண்டு படுத்தான். அதைக் கைப்பேசியில் படம்பிடித்து வைத்தேன். வாயால் எவ்வளவு விளக்கியும் "சளிதான்" என்ற பதிலையே பெற்றிருந்த எனக்கு, காது மூக்கு தொண்டை மருத்துவர் அந்த ஒரு நிமிடக் காட்சியைப் பார்த்தவுடன் படுக்கையை நனைக்கிறானா, தலையைப் பின்னால் சாய்த்துத் தூங்குகிறானா, வியர்க்கிறதா என்று கேட்டது வியப்பாக இருந்தது. மூன்றுக்கும் ஆம்.

ஒவ்வொரு வைரஸ் தொற்றிலும் மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு என்ற சதையும் தொண்டையிலுள்ள டான்சிலும் வீங்குகின்றன என்றும், அவை பருத்துக் காற்றுப்பாதையை அடைக்கும்போது பிள்ளை வாயால் மூச்சுவிடுவதால், காற்றை வடிகட்டி ஈரப்படுத்தும் மூக்கின் வேலை நடவாமல் போகிறது என்றும் அவர் விளக்கினார். இரவு முழுவதும் ஒயர்களை ஒட்டி நடத்திய தூக்க ஆய்வில் மணிக்கு 8 முறை மூச்சுத் தடைப்பட்டது தெரிந்தது. பெரியவர்களுக்கு 5 வரை பொருட்படுத்தப்படுவதில்லை, பிள்ளைகளுக்கு 1-ஐத் தாண்டினாலே கோளாறுதான்.

அடினாய்டையும் டான்சிலையும் அகற்ற உடனே அறுவை சிகிச்சை என்று அவர் அவசரப்படுத்தவில்லை. 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் ஏழு மாதம் காத்திருந்தவர்களுள் 46 விழுக்காட்டினருக்குத் தூக்க ஆய்வு இயல்புக்குத் திரும்பியதைச் சொல்லி, முதலில் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே கொடுத்தார். எங்கள் மகனுக்கு அது போதவில்லை, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தோம்.

இதன்பின் வந்த காத்திருப்புதான் கடினமாக இருந்தது. குறித்த நாளில் சளி பிடித்திருந்தால் மயக்க மருந்தின்போது மூச்சுக்குழல் சுருங்கக்கூடும் என்று மயக்கவியல் மருத்துவர் இரண்டு முறை தள்ளிவைத்தார். எந்தச் சளிக்காக அறுவை சிகிச்சையோ அந்தச் சளியே அதைத் தடுத்தது. ஃப்ளூ தடுப்பூசி போட்டு, எல்.கே.ஜி.யிலிருந்து மூன்று வாரம் நிறுத்தி, மாமியாரின் மனத்தாங்கலையும் மீறிச் சாம்பிராணியையும் கொசுவத்தியையும் விலக்கிய பிறகே மூன்றாவது தேதி கைகூடியது.

ஓர் இரவு கண்காணிப்பில் வைத்து அனுப்பினார்கள். தொண்டையில் வெள்ளைப் படலமும் வாய் நாற்றமும் காது வலியும் வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பதறவில்லை. ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை இரத்தக் கசிவு வரலாம் என்றதால் அந்நாட்களில் மட்டும் நான் சரியாக உறங்கவில்லை. அடுத்த மழையிலும் சளி வந்தது. நான்கு நாள் மூக்கு ஒழுகியது, நெபுலைசரை எடுக்க வேண்டியிருக்கவில்லை, இரவில் வாயை மூடியே தூங்கினான்.