கேக் ஒன்றுக்கு 50 ரூபாய்

வீட்டில் கேக் செய்து விற்று, வருமானத்தில் ஒரு பங்கை உரிமைக்காகப் போராடுகிறவர்களுக்குக் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் போட வேண்டியது கூலிக் கணக்கு. தன் உழைப்புக்குக் கூலி எழுதாமல் ‘லாபத்தில் பாதி’ என்று அறிவித்துவிட்டால், கொடுக்கிற பணம் அந்த வீட்டுப் பெண்ணின் சம்பளமில்லாத வேலையிலிருந்துதான் போகும். உழைப்புச் சுரண்டலுக்கு எதிராகக் கொடுக்கிற பணம் இன்னொரு சுரண்டலிலிருந்து வரக் கூடாது.

வெண்ணெய் டீ கேக்கை எடுத்துக்கொள்வோம். வெண்ணெய், சர்க்கரை, மைதா தலா 250 கிராம், முட்டை ஐந்து, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் வெனிலா. கலவை ஒரு கிலோ வரும். வெந்து ஆறியதும் 900 கிராம் சுமாருக்குத்தான் நிற்கும். பெட்டியில் ஒரு கிலோ என்று எழுதக் கூடாது, நிறுத்துப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

செலவைத் தோராயமாக இப்படி வைக்கலாம். வெண்ணெய் 150 ரூபாய், முட்டை 35, மைதா 13, சர்க்கரை 12, மற்ற சில்லறைப் பொருட்கள் 8. பெட்டி, பட்டர் பேப்பர், ஸ்டிக்கர் 25. கரண்ட் 10. ஆக 253. நிறுப்பது, அடிப்பது, கழுவுவது, பேக் செய்வது, வாட்ஸ்அப்பில் பதில் சொல்வது எல்லாம் சேர்த்து ஒரு கேக்குக்கு முக்கால் மணி நேரம் ஆகும். மணிக்கு 100 ரூபாய் என்று வைத்தால் 75. கருகியது, உடைந்தது, ஆர்டர் கொடுத்தவர் வாங்காமல் விட்டது ஆகியவற்றுக்கு 16. ஓவன், பீட்டர் தேய்மானத்துக்கு 16. மொத்தம் 360. 450 ரூபாய்க்கு விற்றால் கையில் நிற்பது 90. கூலி, சேதாரம், தேய்மானம் எதையும் எழுதாதவர் கண்ணுக்கு இதே கேக்கில் கிட்டத்தட்ட 200 ரூபாய் லாபம் தெரியும். அதில் பாதியைக் கொடுத்துவிட்டு, மூன்றாவது மாதம் ஏன் கை கடிக்கிறது என்று புரியாமல் நிற்பார்.

அந்த 90-இல் 50-ஐக் கொடுத்து, 40-ஐத் தொழிலில் வைப்பது தாங்கும். ஸ்டிக்கரிலும் ‘இந்தக் கேக்கில் 50 ரூபாய் இன்ன காரியத்துக்கு’ என்றே போடுங்கள். லாபம் என்ன என்பதை வாங்குகிறவர் சரிபார்க்க முடியாது. 40 கேக் விற்றால் 2,000 ரூபாய் போயிருக்க வேண்டும் என்பதை யாரும் கூட்டிப் பார்க்கலாம்.

இந்தக் கணக்கில் பலர் விட்டுவிடும் ஆள் ஒருவர் உண்டு. வீட்டு வேலைக்கு வருகிற அக்கா. பழைய சம்பளத்துக்கே வெண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த எட்டு டின், இரண்டு பீட்டர் கிண்ணம் சேர்ந்து சிங்க்கில் விழும். அது அவர் ஒத்துக்கொண்ட வேலையில்லை. பேக்கிங் நாளுக்குத் தனிக் கூலி பேசி, அன்றன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். அவருக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிற சமையலறையிலிருந்து சாதி ஒழிப்புக்கு நன்கொடை போவதில் எந்த அர்த்தமும் இல்லை.

அடுப்படி விஷயத்துக்கு வருவோம். நம் ஊர் வெக்கைதான் முதல் எதிரி. வெண்ணெயைச் சர்க்கரையோடு அடிக்கும்போது அது 18 முதல் 20 டிகிரியில் இருந்தால்தான் காற்றைப் பிடித்துவைக்கும். ‘அறை வெப்பநிலையில் வைத்த வெண்ணெய்’ என்று சமையல் குறிப்பில் இருப்பதை நம்பி, சென்னை மே மாதத்தில் வெளியே வைத்தால் 33, 34 டிகிரிக்குப் போய் எண்ணெயாக வழியும். கேக் அடர்ந்து உட்கார்ந்து, அடியில் பிசுபிசுப்பு நிற்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் துண்டு போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரல் உள்ளே போய்விடக் கூடாது. முட்டையை ஒவ்வொன்றாகச் சேருங்கள். திரிந்தது போல் பிரிந்தால் மைதாவில் ஒரு மேசைக்கரண்டி எடுத்துப் போட்டு அடித்தால் சேர்ந்துவிடும்.

ஓ.டி.ஜி. என்கிற சிறிய மின் ஓவனின் திருகில் 170 என்று இருந்தால் உள்ளே 190 இருக்கலாம், 150-ம் இருக்கலாம். ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி உள்ளே வைப்பது கட்டாயம். உண்மையான 170-இல் 50 முதல் 55 நிமிடம். முதல் அரை மணியில் கரண்ட் போனால் நடு அமுங்கிவிடும். கதவைத் திறக்காமல் விட்டால் சில சமயம் பிழைக்கும். மின்வாரியம் பராமரிப்புக்காக நிறுத்தும் நாளை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, அன்றைக்கு ஆர்டர் வாங்காதீர்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் வீட்டு பில் குதிக்கும். அந்தக் கூடுதலும் கேக்கின் செலவுதான்.

40 லிட்டர் ஓவனில் இரண்டு டின்தான் வசதியாக நிற்கும். நான்கு ஈடு எடுத்தால் எட்டு கேக், நாலரை மணி நேரம். அதுதான் ஒரு நாளின் அளவு. மொத்தக் கலவையையும் ஒரேயடியாகக் கலக்கி வைத்தால், கடைசி ஈடு வரும்போது பேக்கிங் பவுடர் பாதி வேலையைக் கிண்ணத்திலேயே முடித்திருக்கும். ஈட்டுக்கு ஈடு கலக்க வேண்டும். வெந்ததை முழுதாக ஆறவிட்ட பிறகே, குறைந்தது இரண்டு மணி நேரம் கழித்து, சுற்ற வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே நீர் கோத்து, மழைக்காலத்தில் சட்டென்று பூஞ்சை பிடிக்கும். கிரீம் கேக்கை இந்த விற்பனையில் சேர்க்கவே வேண்டாம். வெயிலில் வண்டியில் போய்ச் சேர்வதற்குள் சரிந்துவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். காரியத்துக்கு எடுத்துவைத்த 50 ரூபாயும் அதோடு போகும்.

ஒரே பண்டம், முன்பதிவு, அளவான எண்ணிக்கை என்பது பெரிய இயக்கங்களிலேயே பார்த்த வழி. 2020 ஜூனில் வாஷிங்டனில் பாவோலா வெலெஸ், வில்லா பெலினி, ராப் ரூபா மூவரும் தொடங்கிய ‘பேக்கர்ஸ் அகெய்ன்ஸ்ட் ரேசிஸம்’ (நிறவெறிக்கு எதிரான பேக்கர்கள்) அப்படித்தான் ஆரம்பித்தது: ஆளுக்கு ஒரே இனிப்பு, 150 துண்டு. வீட்டு அடுப்பில் செய்தவர்களும் பல நாடுகளிலிருந்து சேர்ந்துகொண்டார்கள்.

அதற்கும் வெகு முன்னால் ஜார்ஜியா கில்மோர் இருக்கிறார். 1955 டிசம்பரில் அமெரிக்காவின் மான்ட்கோமரியில் நிறப் பாகுபாட்டுக்கு எதிராகப் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியபோது, கறுப்பினப் பெண்களைச் சேர்த்து கேக், சர்க்கரைவள்ளிக் கிழங்கு பை, கோழி சாண்ட்விச் செய்து விற்றார். புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. அத்தனை நாளும் மக்களை வேலைக்கு ஏற்றிச் சென்ற கார்களுக்கு பெட்ரோல் போட்டதில் இந்தப் பணத்துக்கும் பங்கு உண்டு. குழுவுக்கு ‘கிளப் ஃப்ரம் நோவேர்’, அதாவது எங்கிருந்தும் வராத கிளப் என்று பெயர். செய்தவர், வாங்கியவர் யார் என்று வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்பதால் அப்படி வைத்தார்கள். நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன கில்மோருக்கே வேலை போனது. பிறகு தன் வீட்டிலேயே சமைத்து விற்றார்.

அவர்களின் பணம் போராட்டத்துக்கு அன்றாடம் தேவைப்பட்ட சிறு செலவுகளுக்குப் போனது. நம் 2,000 ரூபாயும் அப்படிப்பட்ட செலவுக்குத்தான் நன்றாகப் பயன்படும். மலக்குழியில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்ச ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதைத் தடுக்கும் சட்டம் 2013-இலேயே வந்துவிட்டது. ஆனால் அந்தத் தொகை தானாக வீடு தேடி வருவதில்லை. எஃப்.ஐ.ஆர். நகல், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் என்று அலைய வேண்டும். ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிற ஒவ்வொரு நாளும் இறந்தவரின் மனைவிக்கு ஒரு நாள் கூலி போகும். பஸ் செலவும் ஜெராக்ஸும் போன கூலியும்தான் பல குடும்பங்களைப் பாதியில் நிறுத்துகின்றன. களத்தில் வேலை செய்கிற அமைப்பிடம் என்ன தேவை என்று கேட்டு, அவர்கள் சொல்வதைக் கொடுக்க வேண்டும். மீந்துபோன கேக்கைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவது அவமதிப்பு. பயன்பெற்றவர்களின் படத்தைப் பெட்டியில் ஒட்டுவதும் அப்படியே, வாடிக்கையாளர் எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும் கூடாது.

காரியத்துக்கான பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். முன்பணம் வந்த அன்றே மாற்றாதீர்கள், கேக் கைக்குப் போன பிறகு மாற்றுங்கள். அமைப்புக்கு ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியே அனுப்பினால் இருவருக்கும் தடம் இருக்கும். நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை ரசீதை அமைப்புதான் தர முடியும், நாம் தர முடியாது. இதை வாங்குகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கனடா, இங்கிலாந்துக் குடியுரிமை வாங்கிய உறவினர் ஊரிலிருக்கும் அம்மாவுக்கு கேக் ஆர்டர் செய்தால் அது வியாபாரம். கேக் இல்லாமல் நன்கொடையாகவே அனுப்ப விரும்பினால், வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு உள்ள அமைப்புக்கு நேரடியாக அனுப்பச் சொல்லுங்கள். நம் கணக்கு வழியாகச் சுற்றிவிட்டால் சட்டச் சிக்கல் அந்த அமைப்பையும் பிடிக்கும்.

உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் பதிவு எண் 14 இலக்கமும் பெட்டியில் இருக்கட்டும். முட்டை சேர்த்த கேக்குக்குப் பச்சை வட்டம் போடக் கூடாது, சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம்தான் போட வேண்டும். ‘முட்டை இல்லாமல், முட்டை படாத பாத்திரத்தில்’ என்று கேட்பவர்கள் வருவார்கள். தனி டின், தனி பீட்டர் வைக்க முடிந்தால் அந்தச் செலவையும் விலையில் சேர்த்துச் செய்யுங்கள். முடியாவிட்டால் இல்லை என்று சொல்லிவிடுங்கள், பொய் சொல்லி விற்காதீர்கள்.

மாதக் கடைசியில் வாடிக்கையாளர் குழுவில் நான்கு வரி போட்டால் போதும்: விற்ற கேக் எத்தனை, மாற்றிய தொகை எவ்வளவு, மாற்றிய தேதி, அமைப்பு தந்த ரசீது எண். விற்பனை இல்லாத மாதத்திலும் பூஜ்ஜியம் என்று எழுதிப் போட வேண்டும்.